சுவர்ப் பக்கத்துக் கையுறைகள்

இது பட்டப்பகலில் தொடங்கிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணி. முடியும்போது ஏழு மணி ஐந்து நிமிடம். நேரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கிறது. அந்தத் தாளை நானே கையில் வாங்கிப் பார்த்தேன்.

நடந்தது என் சின்னக்காவுக்கு. அவளுக்குப் பொய்யே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன். எல்லோரையும் போல அவளும் சொல்வாள். ஆனால் அவள் பொய்க்கு ஒரு குணம் உண்டு, இரண்டாவது முறை சொல்லும்போது கொஞ்சம் வளர்ந்திருக்கும். இதை அவள் என்னிடம் மூன்று முறை சொன்னாள். ஒரு நிமிடம் முன்பின் மாறவில்லை. ஒரு சொல் கூடவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது நடந்ததுதான்.

சின்னக்காவுக்கு உலோகப் பொடி செய்யும் ஆலையில் வேலை. பொடி என்றால் மாவு மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தலைமுடியின் அகலத்தில் அந்தப் பொடியின் துகளை ஆயிரம் வரிசையாக நிறுத்தலாம். மெல்லிய அலுமினியக் கம்பி ஒன்று, எதையும் எரியவிடாத ஆர்கான் வாயு நிறைந்த உருளைக்குள் போகும். அதில் கண்மூடித் திறப்பதற்குள் பெரிய மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். உருகக்கூட நேரமில்லாமல் கம்பி 'டப்' என்று வெடித்துப் புகையாகும். புகை ஆறிப் படிந்தால் பொடி. வெள்ளியாக மின்னிய கம்பி கரிக் கறுப்பாகக் கீழே வந்து சேரும்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். அலுமினியப் பாத்திரத்தைப் பத்து வருஷம் அடுப்பில் வைத்தாலும் அது பற்றி எரியாது. ஏனென்றால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது. காற்று பட்டுப் பட்டு உண்டான ஆக்சைடு தோல். புதிதாகப் பிறந்த பொடிக்கு அந்தத் தோல் கிடையாது. திடீரென்று காற்றைக் காட்டினால் தானாகவே பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். அதனால் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, ஒவ்வொரு துகளுக்கும் தோல் வளர்க்க வேண்டும். ஆலையில் இதற்குப் பெயர் மூச்சு கொடுப்பது. கால் மணிக்கு ஒரு மூச்சு. வால்வைக் கால் சுற்று திறந்து, பத்து எண்ணி, மூட வேண்டும். பொடியின் சூடு நாற்பது டிகிரியைத் தாண்டினால் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மொத்தம் பதினாறு மூச்சு. அதற்கென்று பதினாறு வரி போட்ட ஒரு தாள். தொடங்கினால் நடுவில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

சட்டம் அப்படி. நடப்பு வேறு. பொடியின் சூட்டைக் காட்டும் மீட்டர் எப்போதும் இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்றுதான் காட்டும். அதனால் மூன்று மூச்சு கொடுத்துவிட்டு மீதிப் பதிமூன்று வரியையும் பேனாவால் முன்கூட்டியே நிரப்பிவிட்டுச் சாய்ந்து உட்காருகிறவர்கள்தான் அங்கே அதிகம். சின்னக்காவும் அதில் ஒருத்தி.

அந்த ஞாயிறு அவளுக்குத் தொடர்ந்து பன்னிரண்டாவது நாள் வேலை. கூட வேலை செய்கிற ஜோடி, மனைவிக்குப் பிரசவம் என்று போனவன் வரவில்லை. இரண்டு ஆள் வேலையை இவள் ஒருத்தி இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர், எங்கள் மாமா, கப்பலில் வேலை. கரைக்கு வர இன்னும் நான்கு மாதம். ஐந்து வயது மகளைப் பெரியக்கா வீட்டில் விட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவளை நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். முதல் நான்கு நாள் வாண்டு போனில் அழுதாள். அடுத்த நான்கு நாள் 'ம்' என்றாள். அதற்குப் பிறகு போனுக்கே வரவில்லை.

சனிக்கிழமை பெரியக்கா பேசினாள்.

"நாளைக்கு ஆறு மணி. ஆறு அஞ்சு ஆச்சுன்னா, திங்கக்கிழமை இங்கேயே ஸ்கூல்ல சேர்த்துடுவேன். ஃபார்ம் வாங்கி வச்சாச்சு."

"அக்கா, கொஞ்சம்..."

"அக்காவும் இல்ல, சொக்காவும் இல்ல. பிள்ளை உன்னை விருந்தாளி மாதிரி பார்க்க ஆரம்பிச்சிடுச்சுடி. இன்னொரு வருஷம் விட்டா உன் பேரையே கேட்கும்."

பெரியக்கா சொன்னால் செய்வாள். அது சின்னக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெரியக்கா ஊருக்கு பஸ் நாலரைக்கு ஒன்று. அதை விட்டால் ஏழரைக்குத்தான். நாலரை பஸ்ஸைப் பிடித்தால் ஆறு மணிக்குள் வாசலில் நிற்கலாம். காலையிலேயே மூச்சு வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். வடிகட்டி அடைத்துக்கொண்டு இழுத்தடித்தது. முதல் மூச்சு கொடுக்கும்போதே மணி 2.30. பதினாறாவது மூச்சு 6.15க்கு வரும்.

2.30க்கு மீட்டரில் 27.

2.45க்கு 29.

3.00க்கு 28.

சின்னக்கா பேனாவை எடுத்தாள். மீதிப் பதிமூன்று வரியையும் நிரப்பினாள். எல்லாவற்றிலும் 28. பக்கத்தில் கையெழுத்து. அதோடு நிற்கவில்லை. 3.45க்கு வால்வை முழுவதுமாகத் திறந்து, மீதி மூச்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சாகக் கொடுத்துவிடுவது. நாலு மணிக்குப் பொடியைக் கட்டி வைப்பது. நாலு பத்துக்குக் கிளம்புவது. இதுதான் திட்டம். அதுவரை மேஜையில் தலையை வைத்தாள்.

இந்த இடத்தில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொடிக் குடுவை இருப்பது ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள். உள்ளே முழுக்க ஆர்கான். பெட்டியின் சுவரில் தோள்வரை நீண்ட ரப்பர் கையுறைகளைப் பொருத்தியிருப்பார்கள். வெளியே நின்றபடி கையை அதற்குள் விட்டு உள்ளே வேலை செய்ய வேண்டும். வால்வும் உள்ளேதான். கையுறைக்குள் கையை விடாமல் அந்த வால்வைத் தொட வழியே இல்லை.

வேறொரு ஆலையிலிருந்து பழையதாக வாங்கி வந்த பெட்டி அது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று வேலை செய்வதற்காகச் செய்தது. முன்பக்கம் ஒரு ஜோடிக் கையுறை, பின்பக்கம் ஒரு ஜோடி. அறை சின்னது. அதனால் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டார்கள். இடைவெளி நான்கு விரற்கடை. அங்கிருந்து கழற்றிக் கொண்டுவந்து இங்கே பொருத்திய பிட்டர் அண்ணன் அன்றைக்கே சொன்னாராம்: "நாலு கை பெட்டியை வாங்கி ரெண்டு கைக்கு வச்சிருக்கீங்க."

உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதல். அதனால் யாரும் கையை உள்ளே விடாதபோது கையுறைகள் வெளிப்பக்கமாக உப்பி நிற்கும், யாரோ கைகுலுக்க நீட்டிய மாதிரி. புதிதாக வருகிறவர்கள் ஒரு கணம் திடுக்கிடுவார்கள். பழகியவர்கள் அதில் துண்டைத் தொங்கவிடுவார்கள். பின்பக்கக் கையுறைகள் மட்டும் சுவரில் நசுங்கிக் கிடக்கும். முன்பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் இரண்டு இருட்டு வட்டம் தெரியும். அவ்வளவுதான்.

சின்னக்காவை ஒரு சத்தம் எழுப்பியது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

குடுவைக்குள் காற்று போகிற சத்தம். நின்றது. வால்வு மூடும்போது வரும் 'டிக்'.

கடிகாரத்தில் 3.15.

மீட்டரைப் பார்த்தாள். 30. பார்க்கப் பார்க்க 29. அப்புறம் 28. மூச்சு கொடுத்தால்தான் அப்படி ஏறி இறங்கும். தூக்கத்திலேயே எழுந்து கொடுத்துவிட்டு வந்து படுத்தோமா? பதினோரு நாள் பழக்கம், கை தானாகச் செய்திருக்கும். அப்படித்தான் நினைத்தாள். ஆனால் முன்பக்கக் கையுறையில் அவள் தொங்கவிட்ட துண்டு தொங்கவிட்டபடியே இருந்தது. அதை எடுக்காமல் கையை உள்ளே விட முடியாது.

எழுந்து பெட்டியின் அருகே போனாள்.

எதிர்ப்பக்கம் இரண்டு இருட்டு வட்டம் இல்லை.

அந்த வட்டங்கள் வழியாகக் கையுறைகள் உள்ளே வந்து தொங்கின. காலி. கழற்றிப் போட்ட காலுறை மாதிரித் துவண்டு.

அழுத்தம் குறைந்திருந்தால் அப்படி உள்ளே விழலாம். அழுத்தமானியைப் பார்த்தாள். முள் பச்சைக் கோட்டில் நின்றது. முன்பக்கக் கையுறைகள் எப்போதும்போல வெளியே உப்பியிருந்தன. ஒரே பெட்டி. ஒரே அழுத்தம். இந்தப் பக்கம் வெளியே, அந்தப் பக்கம் உள்ளே.

அங்கேயே நின்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். 3.30 வரை என்றாள்.

3.30க்குப் பத்து விநாடி இருக்கும்போது வலது கையுறையின் சுண்டுவிரல் நிமிர்ந்தது.

அப்புறம் அடுத்த விரல்.

அடுத்தது.

கட்டைவிரல் கடைசியாக. நாம் கையுறை போட்டுக்கொள்ளும்போது எப்படி ஒவ்வொரு விரலாக நிரம்புமோ, அப்படி. அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் முழங்கை வரை.

கை நீண்டது. வால்வைப் பிடித்தது. கால் சுற்று.

ஸ்ஸ்ஸ்ஸ்...

இடது கையுறையின் ஆள்காட்டி விரல் பெட்டியின் தரையில் தட்டியது. ஒன்று... இரண்டு... மூன்று... பத்து வரை.

டிக்.

கைகள் இரண்டும் தரையில் படிந்தன. உள்ளங்கை கீழே. நெடுநேரம் நின்று வேலை பார்த்தவர் கைபோல. கொஞ்ச நேரம் கழித்து இடது கை, வலது மணிக்கட்டை மெதுவாகத் தேய்த்துவிட்டது.

சின்னக்கா பின்னோக்கி நடந்தபடியே போனை எடுத்தாள். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டாள். மணி 3.33.

"அண்ணே, இங்க... பெட்டிக்குள்ள யாரோ..."

"பெட்டிக்குள்ளயா? அதுக்குள்ள பூனைகூட போகாதேம்மா."

"கை தெரியுதுண்ணே."

"ராத்திரியிலிருந்து கண்ணு மூடலையா நீ? மூஞ்சிய கழுவு. ஞாயித்துக்கிழமை பேய்க்கும் லீவுதான்."

"ஒரு நிமிஷம் வந்து பாருங்கண்ணே."

"கேட்டை விட்டுட்டு எங்கம்மா வர்றது? லாரி நிக்குது."

வைத்துவிட்டார்.

சின்னக்கா மூஞ்சியைக் கழுவினாள். திரும்பி வந்தாள். கையுறைகள் காலியாகத் துவண்டு கிடந்தன. உள்ளேதான். ஆனால் காலி.

பயந்தவள் ஓடியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் சொன்ன பதில் இது: "பயப்படறதுக்கும் தெம்பு வேணும்டா. என்கிட்ட அது இல்ல. எனக்கு பஸ்தான் தெரிஞ்சுது."

தூக்கம் கெட்டால் கண் என்னவெல்லாமோ காட்டும் என்று ஷிப்ட் ஆட்கள் சொல்வதை நினைத்துக்கொண்டாள். துண்டை எடுத்து நாற்காலியில் போட்டாள். இரண்டு கையையும் முன்பக்கக் கையுறைக்குள் விட்டாள். 3.45. வாண்டு பெரியக்கா வீட்டு வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டாள். வால்வைப் பிடித்தாள். முழுச் சுற்று திருப்பிவிடத் தயாரானாள்.

எதிர்க் கை அவள் கைமேல் வந்து உட்கார்ந்தது.

கனம்.

சூடு. இரண்டு ரப்பர் தாண்டியும் தெரிந்த சூடு.

இறுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தது... சாலையைக் கடக்கும்போது குழந்தையின் கையைப் பிடிக்கிற மாதிரி.

வால்வைத் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை.

இழுத்துப் பார்த்தாள்.

அசையவில்லை.

பிறகு அந்தக் கை, இவள் கையை உள்ளே வைத்தபடியே, வால்வைத் திருப்பியது. கால் சுற்று. கால் சுற்றுதான். அந்தப் பக்கத்து விரல் தட்டியது. ஒன்று... இரண்டு... பத்து. மூடியது. டிக். இவள் புறங்கையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு விலகியது.

சின்னக்கா கையை உருவினாள். உருவிய வேகத்தில் கையுறை உள்வெளியாகத் திரும்பி வெளியே வந்தது.

மீட்டர் 28 காட்டியது.

34.

48.

61.

அவள் அந்த ஆலையில் இருந்த மூன்று வருஷத்தில் அந்த மீட்டர் ஐம்பதைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. வெறும் கால் சுற்று. பத்து விநாடி. முழுவதும் திறந்திருந்தால் குடுவை என்னவாகியிருக்கும், அதற்கு ஒரு சாண் தள்ளிக் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டிருந்த அவள் என்னவாகியிருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. காரணம் மறுநாள் தெரிந்தது. அந்த வாரம் வந்த கம்பி வழக்கத்தைவிட மெலிசு. கம்பி மெலிந்தால் துகள் இன்னும் சின்னதாகும். துகள் சின்னதாகச் சின்னதாகக் காற்றுக்கு அதன் பசி கூடும். முதல் ஐந்து மூச்சு மேற்பொடியோடு நின்றுவிட்டது, ஆறாவதுதான் அடியை எட்டியது. இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

4.00. கைகள் தரையிலிருந்து எழவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்து நின்றது. பொறு என்கிற மாதிரி. மீட்டரில் 57.

4.15. விரல் உயர்ந்தது. 49.

4.30. விரல் உயர்ந்தது. 43. வெளியே நாலரை பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போன சத்தம் கேட்டது.

4.35க்கு பெரியக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, பஸ் போயிடுச்சு."

"எனக்குத் தெரியும்."

"அடுத்த பஸ்ல கட்டாயம் வந்துடுவேன். நீ மட்டும் அந்த ஃபார்மை..."

"வேலையையே கட்டிக்கிட்டு அழு. வைக்கிறேன்."

"வாண்டுகிட்ட குடுக்கா ஒரு நிமிஷம்."

போனில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. சின்ன மூச்சு. பேசவில்லை. அப்புறம் அதுவும் வைக்கப்பட்டது.

4.45. மீட்டரில் 39. வலது கை எழுந்து வால்வைத் திறந்தது.

சின்னக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். நான் பார்த்தது அதைத்தான். முன்பக்கம் பதிமூன்று வரிப் பொய், குறுக்கே ஒரு கோடு. பின்பக்கம் நிஜம். நேரம், சூடு, யார் கொடுத்தது. 'யார்' என்ற இடத்தில் நான்காவது வரியிலிருந்து ஒரே மாதிரி எழுதியிருந்தது: எதிர்ப்பக்கம்.

ஐந்தரையிலிருந்து ஆறு வரை மூன்று வரியில் மட்டும் சூடு இல்லை. 'நான் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தது.

தூங்கிப்போயிருக்கிறாள். அந்தக் கைகளுக்கு எதிரே, மூன்றடி தூரத்தில், நாற்காலியில். பன்னிரண்டு நாளில் அவள் நிம்மதியாகத் தூங்கியது அந்த அரைமணி நேரம்தானாம்.

ஆனால் விழித்தபோது நாற்காலியில் இல்லை.

நின்றுகொண்டிருந்தாள். நெற்றி கண்ணாடியில். மணி 6.04.

வலது கை கையுறைக்குள் இருந்தது. அவள் விட்டதாக நினைவில்லை.

அந்தப் பக்கத்துக் கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எதிர்க் கண்ணாடியில் சுவர் தெரிந்தது. சுண்ணாம்பு. அவ்வளவுதான்.

"யாரு நீங்க?"

பிடி தளரவில்லை.

"விடுங்க..."

விட்டது.

கடைசி மூச்சு 7.00க்கு. அதன்பிறகு ஐந்து நிமிடம் அந்தக் கைகள் தரையிலேயே கிடந்தன. 7.05க்குக் கட்டைவிரல் சுருங்கியது. பிறகு மற்ற விரல்கள். சுண்டுவிரல் கடைசி. பிறகு 'பொத்' என்று இரண்டு கையுறைகளும் வெளியே போய்ச் சுவரில் அறைந்தன.

இருட்டு வட்டம் இரண்டு.

டார்ச்சை எடுத்துப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே அடித்துப் பார்த்தாள். நான்கு விரற்கடை இடம். அதில் மேலிருந்து கீழ்வரை சிலந்தி வலை. ஓர் இழை அறுந்திருக்கவில்லை.

அன்று இரவு 9.10க்கு பெரியக்கா வீட்டில் அவளுக்குக் கதவைத் திறந்தது நான்தான். பெரியக்கா வாய் திறப்பதற்குத் தயாராகப் பின்னால் நின்றாள். சின்னக்காவின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் வாண்டின் துணிப்பையை எடுத்து வந்து கொடுத்தாள். ஸ்கூல் ஃபார்மை மடித்து அலமாரியில் வைத்தாள், கிழிக்கவில்லை. "ஒரு வாரம் பார்ப்பேன்" என்று மட்டும் சொன்னாள். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னக்கா கிளம்பினாள். இவ்வளவோடு முடிந்திருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

புதன்கிழமை பிட்டர் அண்ணன் ஆலைக்கு வந்தார். சின்னக்கா அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தப் பெட்டி இருந்த இடத்துல யாராவது செத்தாங்களா?"

"சாகறதா? யாரும் சாகலையே."

"நல்லா யோசிச்சு சொல்லுங்கண்ணே."

அவர் திருகுசாவியைக் கீழே வைத்தார்.

"ஒரு அம்மா. ஏதோ அவசரம்னு வால்வை முழுசா திறந்துட்டாங்க. குடுவை வெடிச்சு, கையுறையோட..." தன் முழங்கைக்குக் கீழே, இரண்டு பக்கமும், உள்ளங்கையின் ஓரத்தால் வெட்டிக் காட்டினார். "கண்ணாடி எல்லாம் மாத்தித்தான் இங்க வித்தாங்க. அந்தம்மா இப்போ சுவர்ப் பக்கமா இருக்கே, அந்தப் பக்கம் நின்னுதான் வேலை பார்ப்பாங்க. நாலு வருஷம் ஆச்சு. நல்லா இருக்காங்க. நம்பர்கூட இருக்கு, வேணுமா?"

அன்று மாலை 7.40க்கு சின்னக்கா வீட்டிலிருந்து அந்த எண்ணுக்குப் பேசினாள். வாண்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓர் ஆண் குரல் எடுத்தது. "இருங்க, போனை அவங்க காதுல வைக்கிறேன்."

பிறகு ஒரு பெண் குரல். சலித்த குரல்.

"சொல்லும்மா."

"நீங்க வேலை பார்த்த பெட்டி இப்போ எங்க ஆலையில..."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. நின்றது.

"ஞாயித்துக்கிழமை நீதானா?"

சின்னக்கா போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"கை போனாலும் இருக்கிற மாதிரியே இருக்கும்மா. டாக்டர் அதுக்கு ஒரு பேர்கூட சொன்னார். அரிக்கும், வலிக்கும். நாலு வருஷமா பழகிப்போச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு கையும் ரப்பருக்குள்ள போயிடுச்சு. வேர்த்துச்சு. ராத்திரியெல்லாம் விரல் வலி. தூக்கமே இல்ல." பெருமூச்சு கேட்டது. "அந்த வால்வு இறுக்கமா இருக்கு. எண்ணெய் போடச் சொல்லு."

"சரிங்க..."

"எதுக்கு அவ்வளவு அவசரம் உனக்கு?"

சின்னக்கா உள்ளறைக் கதவைப் பார்த்தாள். அந்த அம்மா மேலே கேட்கவில்லை.

பிறகு குரல் சட்டென்று தணிந்தது.

"ஏம்மா, குழந்தைக்குக் காய்ச்சலா?"

"எந்தக் குழந்தைக்கு?"

குழந்தை இருப்பதைச் சின்னக்கா அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பிட்டர் அண்ணனுக்கும் தெரியாது.

"அதான்... இப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கே, அது. உள்ளங்கை கொதிக்குது. போய்ப் பாரு."

சின்னக்கா போனைக் கீழே போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். வாண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கைவைத்தாள். சுட்டது. மாலை ஆறு மணிக்குச் சாப்பிடும்போது ஒன்றுமில்லை. தெர்மாமீட்டரில் 102. மணி 7.52.

குழந்தையின் வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது.

தொங்கவில்லை. காற்றில் நின்றது. விரல்கள் எதையோ பற்றியது போல மடங்கி...

சின்னக்கா அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

அந்தப் பக்கமிருந்தும் யாரோ பிடித்திருந்தார்கள்.